உன் லொறிக்கு நான் ஊற்றிய ஒயில்

தம்பி,

நீ இந்த வீட்டில்தான் இருக்கிறாய். பின்வளவில் உடுப்புக் கொடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கலியாண வரவேற்புக்குப் போடப்போகும் சப்பாத்துக்குப் பொலிஷ் பூசுகிறாய். எழுந்து நாலடி நடந்து வந்து வாயால் சொல்லிவிடலாம். மூன்று நாளாக அதற்குத்தான் முயல்கிறேன். இரண்டு தரம் உன்னைக் கூப்பிடவும் செய்தேன். முதல் தரம் தேத்தண்ணி வேணுமா என்று கேட்டேன். இரண்டாம் தரம் கார்ச் சாவி எங்கே என்று கேட்டேன், அது என் கையிலேயே இருந்தது. ஆகவே எழுதுகிறேன்.

முந்தாநாள் நீ வந்து, "அப்பா, மண்டபத்தில நீங்கள் ரெண்டு வார்த்தை கதைக்க வேணும். வாசுகியைப் பற்றியும் சொல்லுங்கோ" என்றாய். ஓம் என்றேன். வாசுகியைப் பற்றி உனக்கே தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று அவளைப் புகழ என்னால் ஏலாது. போன குளிர்காலம், யூலையில் உன் லொறியின் எஞ்சின் போனதே, அதைப் பற்றியது. கடைசிவரை வாசி. நடுவில் எழும்பி வந்து என்னோடு சண்டை பிடிக்காதே. பிடித்தால் நான் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நாங்கள் ஒக்லாந்துக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த நாட்டில் நீதான் எனக்கு வாய். பதினாறு வயதில் என்னை வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். டொக்டரிடம் என் வயிற்று வலியை நீ சொன்னாய். அவர் உன்னைப் பார்த்துப் பதில் சொன்னார், நான் நடுவில் கதிரையில் இருந்தேன். வீட்டு வாடகைக் கடிதத்தை நீ வாசித்து, எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று விரலால் காட்டினாய். நீ ஒருநாளும் என்னைக் குறைவாக நடத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு தரமும் நான் ஒரு அங்குலம் சின்னவனாகிக்கொண்டு வந்தேன். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மூடி எண்ணுகிற வேலையில் என்னை ஆரும் எதுவும் கேட்பதில்லை. நீ இருபத்திரண்டு வயதில் அந்த ஜப்பான் டீசல் லொறியை வாங்கி எங்கள் த்ரீ கிங்ஸ் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "அப்பா, ஒருக்கா வந்து பாருங்கோ, இதுக்கு என்ன ஒயில் போடுறது?" என்று கேட்டாயே, அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று நான் உன்னிடம் சொன்னதேயில்லை. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் பதினான்கு வருஷம் வெங்காய லொறி ஓட்டியவனிடம் ஒருவழியாக ஒரு கேள்வி வந்திருந்தது. தடித்த நாற்பதாம் நம்பர் ஒயில் என்று சொன்னேன். நாற்பதுதான் போட்டாய். அதற்குப் பிறகு ஒயில் மாற்றுகிற சனிக்கிழமைகளுக்காகவே நான் தொழிற்சாலைக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் நம்புவாயா? நீ லொறிக்குக் கீழே படுப்பாய். நான் கைவிளக்கைப் பிடிப்பேன். இரண்டு பேரும் அதிகம் கதைப்பதில்லை. அந்த ஒரு மணித்தியாலம் நான் உனக்கு அப்பாவாக இருந்தேன்.

பிறகு உனக்கு ஓஹாகுனே ஓட்டம் கிடைத்தது. மலையடிவாரத்துத் தோட்டத்திலிருந்து ஒக்லாந்துச் சந்தைக்குக் கரட் ஏற்றி வருகிற வேலை. இரண்டாவது நடை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாய்.

"அப்பா, அங்க விடியப்பறம் சரியான குளிர். எங்கட ஒயில் அந்தக் குளிருக்குச் சரிவராதாம். பத்து-டபிள்யூ-நாற்பது போடச் சொல்லினம்."

"ஆர் சொல்லினம்?"

"வாசுகி."

"ஆரடா அது வாசுகி?"

அவளுடைய பெயரை நான் முதன்முதல் கேட்டது அப்படித்தான். மலேசியாக்காரர், ஈப்போவிலிருந்து வந்தவர்கள், தகப்பன் அந்தத் தோட்டத்து டிராக்டர்களும் லொறிகளும் திருத்துகிறவர், மகள் அவரோடு சேர்ந்து வேலை செய்கிறாள் என்று நீ சோற்றைப் பிசைந்தபடி சொன்னாய். அம்மா உன் முகத்தைப் பார்த்தாள். பெண் பெயர் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அவளுக்கு விளங்கியது. எனக்கு விளங்கியது வேறு. என் நாற்பதை ஒருத்தி வேண்டாம் என்றிருக்கிறாள், நீ அதை என் முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறாய். "அது தண்ணி மாதிரி இருக்கும். பாரம் ஏத்திற லொறிக்கு மொத்தமான ஒயில்தான் வேணும்" என்றேன். நீ எதிர்த்துக் கதைக்கவில்லை. பிறகு எல்லாம் தொலைபேசியில் அவளோடுதான் கதைத்தாய்.

உனக்கு ஒரு நாள் நினைவிருக்கலாம், எஞ்சினில் ஏதோ டிக்டிக் என்று சத்தம் கேட்டது. நான் வாசற்படியில் இருந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்தேன். நீ கம்பியில்லாத போனை வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்து, லொறியின் முன்பக்கத்தைத் தூக்கி, ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தாய். முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறவளுக்கு என் வாசலில் நிற்கிற லொறியின் சத்தத்தைக் கேட்கக் கொடுத்தாய். அவள் ஏதோ சொன்னாள், நீ சிரித்துக்கொண்டு, "ஓம் ஓம், வால்வ்தான்" என்றாய். எனக்கும் அது வால்வ் என்று தெரியும். பத்தடி தள்ளி நான் இருந்தேன், என் இரண்டு காதும் என்னோடு இருந்தன. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊசி விரலில் ஏறி இரத்தம் வந்தது. அதைக் கழுவ உள்ளே போன என் முகத்தை அம்மா பார்த்துவிட்டு, "என்னப்பா, ஆரும் செத்துப்போச்சினமே?" என்று கேட்டாள்.

ஒருவருடைய பிள்ளை ஒரு பெண்ணை விரும்புவதைப் பார்த்துத் தகப்பன் பொறாமைப்படுவது கேட்கவே வெட்கமான விஷயம். ஆனால் நீ அவளை விரும்பியதற்காக நான் எரியவில்லை. நீ அவளை மதித்தாய், அதற்காகத்தான் எரிந்தேன். அவள் சொன்னதை ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைத்தாய். நான் சொன்ன எதையும் நீ எழுதியதில்லை. அந்தக் கொப்பியை நீ இல்லாத நேரம் எடுத்துப் பார்த்தேன். "எஞ்சின் குளிராக இருக்கும்போது முறுக்கக் கூடாது. ஒயில் விளக்கு அணையும் வரை பொறு" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். எல்லாம் சரியான விஷயங்கள். பிழை ஒன்றையாவது கண்டுபிடிக்கத்தான் திறந்தேன், கிடைக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

யூலை தொடக்கத்தில் நான் பின்னேர வேலை முடித்து வந்தபோது கராஜ் நிலம் கழுவி ஈரமாக இருந்தது. பழைய ஒயில் வாளியில் கிடந்தது. அவள் தகப்பனுடைய ஷெட்டிலிருந்து கொடுத்துவிட்ட கேன்களைத் திறந்து, நீ தனியாக ஒயில் மாற்றி முடித்திருந்தாய். "நீங்கள் களைச்சுப் போய் வருவியள் எண்டு நானே செய்திட்டன்" என்றாய். அன்பாகத்தான் சொன்னாய். நான் கைவிளக்கை எடுத்து அதன் வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அவளுடைய தகப்பனைச் சந்திக்கப் போட ஒரு ஜக்கெட் வாங்கவென்று பஸ் எடுத்து நகரத்துக்குப் போனாய். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் லொறிக்குக் கீழே படுத்தேன். அடி நட்டைக் கழற்றி, நீ ஊற்றிய ஒயிலை ஒரு துளி சிந்தாமல் இறக்கி, அவளுடைய கேன்களுக்குள்ளேயே திருப்பி ஊற்றினேன். புல் வெட்டுகிற மெஷினுக்குப் பின்னால் ஒளித்தேன். பிறகு என்னுடைய நாற்பதை ஊற்றினேன். எஞ்சினைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. நீ போய்ப் பத்திரமாகத் திரும்பி வருவாய், வந்து அவளுடைய ஒயிலைப் புகழுவாய், அப்போது நான், "தம்பி, நீ ஓடினது என்ர நாற்பதில" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனத்துக்காகச் செய்தேன். அதை எந்த முகத்தோடு சொல்வது என்றுகூடப் படுத்துக்கிடந்தபடியே யோசித்தேன்.

திங்கட்கிழமை நீ டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தாய். அளவு சரி, நிறம் சரி. ஒக்லாந்துக் குளிரில் எஞ்சினும் ஒன்றும் சொல்லவில்லை. நீ கையைக் காட்டிவிட்டுப் போனாய்.

செவ்வாய் காலையில் போன் அடித்தது. நேஷனல் பார்க் என்கிற ஊரைத் தாண்டி, வீதிக் கரையில் ஒரு போன் பெட்டிக்குள் நின்று கதைத்தாய். முதல்நாள் இரவு லொறி தோட்டத்து வெளியில் நின்றது, விடிய மைனஸ் ஆறு, கண்ணாடி எல்லாம் ஐஸ், எஞ்சின் சுத்தவே கஷ்டப்பட்டது, மூன்றாம் தரம்தான் பிடித்தது, ஒயில் விளக்கு அணையப் பிந்தியது என்றாய். "சந்தைக்குப் பிந்திப்போச்செண்டு எடுத்திட்டன் அப்பா. இப்ப அடியில இருந்து இடிக்குது. பேரிங் போயிட்டுது போல." உன் பல் குளிரில் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அந்தக் குளிரில் என் ஒயில் இறுகிப்போய் மேலே ஏறியிருக்காது. எஞ்சின் காய்ந்து ஓடியிருக்கிறது. மனிதன் என்றால் அப்போதே சொல்லியிருப்பான். நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும்: "நான் முதலே சொன்னனான். அந்தத் தண்ணி ஒயில்தான்."

நீ மூக்கை உறிஞ்சினாய். பிறகு, "ஓம் அப்பா. உங்கட கதையைக் கேட்டிருக்க வேணும்" என்றாய். எவ்வளவோ மாதமாக நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை அது. அது வந்த விதத்தைப் பார். கேட்டு முடித்து, போனை வைத்துவிட்டு, கராஜுக்குள் போய், ஒளித்த கேன்கள் வெளியில் தெரிகின்றனவா என்று குனிந்து பார்த்தேன்.

கரட்டை வேறு லொறியில் ஏற்றினார்கள். அந்த ஓட்டம் உன் கையை விட்டுப் போனது. லொறியைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் அவளுடைய தகப்பனின் ஷெட்டில் விட்டார்கள், கிட்ட வேறு இடம் இல்லை. நீ பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, விறாந்தையில் நின்று அவளுக்குப் போன் எடுத்தாய். "அப்பா முதலே சொன்னவர். நான்தான் உம்மட கதையைக் கேட்டு மோட்டு வேலை பார்த்தனான்" என்று சத்தம் போட்டாய். அவள் ஏதோ சொல்லச் சொல்ல நீ போனை வைத்தாய். ஐந்து கிழமை நீங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. அந்த ஐந்து கிழமையும் பின்னேரங்களில் நீ என்னோடு இருந்தாய், கிரிக்கெட் பார்த்தாய், அடுத்து என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டாய். நான் சந்தோஷமாக இருந்தேன் தம்பி. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் முகம் வற்றிப்போவதைப் பார்த்துக்கொண்டே நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு ஒருநாள் வாசுகி வந்தாள். நீயும் அம்மாவும் வேலையில். நான் கராஜில். தகப்பனின் பிக்கப்பைத் தனியாக ஓட்டி வந்திருந்தாள். நான் அவளை நேரே பார்த்தது அன்றுதான் முதல். பெரிய உருவமாக எதிர்பார்த்திருந்தேன், சின்னப் பெண். நகக்கண்ணில் கறுப்பு. கையில் ஒரு ஜாம் போத்தல், அதில் பாதிக்கு ஒயில்.

"அங்கிள், இது உங்க லோரியில இருந்து எறக்குனது. நான் குடுத்த எண்ணெ இல்ல இது" என்றாள். "காலையில எறக்கும்போது பாகு மாதிரி விழுந்துச்சு. நாப்பது, சிங்கிள் கிரேட். அவரு போடல. அவருக்குப் போடணும்னா என்கிட்ட மறைக்க மாட்டாரு."

நான் போத்தலைப் பார்த்தபடி நின்றேன். பொய் சொல்லலாமா என்றுதான் யோசித்தேன். "தம்பிக்குச் சொல்லிப்போட்டீரோ?" என்று கேட்டேன்.

"இல்ல. சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"எங்க அப்பாவப் பத்தி யாராச்சும் இப்படி வந்து சொன்னா நான் நம்ப மாட்டேன். சொன்னவங்களத்தான் வெறுப்பேன். அவரும் அப்படித்தானே. நம்பிட்டாருன்னா அது இன்னும் மோசம். நீங்க சொன்னாத்தான் அது சரியா வரும்."

"அப்ப என்னத்துக்குப் பிள்ளை இவ்வளவு தூரம் வந்தனீர்?"

"எஞ்சினை நானும் அப்பாவும் ஞாயித்துக்கிழமையில உக்காந்து திரும்பக் கட்டிட்டோம். அடுத்த வாரம் ஓடும். நீங்க மறுபடியும் எண்ணெய மாத்திடக் கூடாது, அதச் சொல்லத்தான் வந்தேன்."

இவ்வளவும் சத்தம் உயராமல் சொன்னாள். உன் எஞ்சினை அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டியிருக்கிறாள், உன்னோடு கதையில்லாத அந்த ஐந்து கிழமையில். நான் அந்த நேரத்தில் உன்னோடு கிரிக்கெட் பார்த்தேன்.

அன்று பின்னேரம் நீ வந்து அவளைக் கண்டதும் வாசலில் நின்றுவிட்டாய். குசினியில் மூன்று பேரும் நின்றோம். அவள் முதலில் என்னைப் பார்த்தாள். காத்திருந்தாள். நான் கேத்தலில் தண்ணீர் நிரப்பத் திரும்பினேன். அப்போதுதான் அவள் உன்னிடம், "எண்ணெ விஷயத்துல நான் தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சிருங்க" என்றாள். அந்த "இருந்தா" உன் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது. நீ, "விடும், முடிஞ்சது முடிஞ்சுபோச்சு" என்றாய், பெரிய மனதோடு. நான் செய்த குற்றத்துக்கு நீ அவளை மன்னித்ததை, கேத்தலைக் கையில் பிடித்தபடி நின்று பார்த்தேன்.

அவள் போன பிறகு அம்மா கழுவி வைத்த இரண்டு வெறும் ஊறுகாய்ப் போத்தலை எடுத்து, ஒன்றில் ஒளித்து வைத்திருந்த அவளுடைய ஒயிலும் மற்றதில் என்னுடையதும் ஊற்றி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். அடுத்தநாள் அம்மா, "இஞ்சேருங்கோ, மீனுக்குப் பக்கத்தில தேன் வைச்சது ஆர்?" என்று கேட்டாள். எடுத்துச் சரித்துப் பார்த்தேன். அவளுடையது மெதுவாக நழுவி விளிம்புக்கு வந்தது. என்னுடையது அசையவில்லை. போத்தலைக் கவிழ்த்தும் பார்த்தேன். பதினான்கு வருஷத்தில் நான் ஒருநாளும் உறைகுளிரில் லொறி எழுப்பியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தெரிந்தது சூடு மட்டும்தான். இனி நீ அங்கே வாழப் போகிறாய், ஆகவே கேள்: டபிள்யூ எழுத்துக்கு முன்னால் நிற்கிற எண் குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்று சொல்கிறது, அது சின்னதாக இருக்கட்டும். பின்னால் நிற்கிற எண், சூட்டில் எப்படித் தாங்கும் என்று. அவளுடைய ஒயிலின் நாற்பதும் என்னுடைய நாற்பதும் சூட்டில் ஒன்றுதான். அவள் என் நாற்பதை வேண்டாம் என்று சொல்லவேயில்லை. அதற்கு முன்னால் ஒரு பத்தைச் சேர்த்தாள், அவ்வளவுதான். அதைக் கேட்கிற பொறுமை எனக்கு இருக்கவில்லை.

அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் கிடைத்தது. நிச்சயதார்த்தத்தன்று உன் தாய்மாமா எல்லாருக்கும் முன்னால், "இவதான் தண்ணி ஒயில் மருமகள்" என்று பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். வாசுகியும் சிரித்துக்கொண்டே தேத்தண்ணித் தட்டை நீட்டினாள். அது என்னிடம் வந்தபோது நானும் சிரித்துக்கொண்டு எடுத்தேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். கோபம் இல்லை, களைப்பு. இன்னும் எத்தனை வருஷம் இதைச் சுமக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கிற பார்வை. அந்தத் தேத்தண்ணியை என்னால் குடிக்க முடியவில்லை.

எனக்கு அவள்மேல் இருந்த பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். போகவில்லை. அடுத்த கிழமை உன் உடுப்புப் பெட்டி ஓஹாகுனேக்குப் போகிறது. ஒயில் மாற்றும்போது விளக்குப் பிடிக்கிற கை இனி அவளுடையது, விளக்கை அவள் உன்னிடம் தந்துவிட்டுத் தானே கீழே படுத்தாலும் படுப்பாள். அதை நினைக்க இப்போதும் நெஞ்சு கருகுகிறது. அதைவிட, உன்னை இழக்கிற நிலையிலும் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தாளே, அந்தப் பலத்தைப் பார்த்தும் பொறாமையாக இருக்கிறது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் காட்டியிருப்பேன்.

மாமாவுக்கும் மற்றவர்களுக்கும் நான் மண்டபத்தில் என் வாயால் சொல்வேன். அம்மாவுக்கு இன்று பின்னேரம் சொல்கிறேன். அதெல்லாம் என் வேலை. உன் வேலை ஒன்றுதான். இதை வாசித்து முடித்ததும் உனக்கு என்மேல் கோபம் வரும். வந்து என்னைத் திட்டவோ, அழவோ, ஏன் அப்பா என்று கேட்கவோ நினைப்பாய். செய்யாதே. அவள் ஆல்பனியில் தன் சித்தி வீட்டில்தான் நிற்கிறாள். காரை எடுத்துக்கொண்டு துறைமுகப் பாலத்தைத் தாண்டி அங்கே போ. தொலைபேசியில் அவளை நீ திட்டியதற்கு மன்னிப்புக் கேள். பிறகு, அவளை மன்னித்தாயே, அதற்கும் கேள். என்னைப் பார்க்க நாளைக்கு வா, இல்லாவிட்டால் கலியாணம் முடிந்து வா, வராமலும் விடு. நீ கேற்றைத் தாண்டும்போது எனக்கு வயிறு எரியும். அதற்காக நிற்காதே. அவளிடம் போ.

அப்பா